தொழில்: கூலி

எங்கள் எலும்பு முறிவுப் பிரிவின் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. 19 வருடமாக அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருக்கிறேன். அந்தக் கட்டத்தில் எத்தனை ஆயிரம் முறை ‘கூலி’ என்று எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சாக்கடை அள்ளுகிறவர், நாற்று நடுகிறவர், செங்கல் சுமக்கிறவர், பறை இசைக்கிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர் எல்லாருக்கும் ஒரே சொல்தான். ஆசிரியர் வந்தால் ஆசிரியர் என்று எழுதுவோம். கடைக்காரர் வந்தால் என்ன கடை என்றுகூடக் கேட்போம். காலனியிலிருந்து வருகிறவரிடம் கேட்பதில்லை. முகவரியைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிடும். என் கையும்தான். இத்தனைக்கும் நானே காலனியிலிருந்து வந்தவள்.

அந்த ஒரு சொல்தான் ஒருவருடைய மணிக்கட்டுக்குள் என்ன போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. கம்பியா, பிளேட்டா, வெறும் மாவுக்கட்டா என்பதை எலும்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்கிறோம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் வார்டில் நிற்கிறவள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் என் அம்மா விழுந்தார். அப்போது அவருக்கு 54 வயது. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் மார்க்கெட் பின்புறம் அழுகிய காய்கறி மீது கால் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முட்கரண்டி போல வளைந்துவிட்டது. நான் வேறு மாவட்டத்தில் டூட்டியில் இருந்தேன். அந்த ஊர் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு என் தம்பி எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பெருவிரல் பக்கத்து எலும்பு, அதாவது ரேடியஸ், மூட்டுக்குச் சற்று மேலே உடைந்து பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூட்டுப் பரப்பு நன்றாக இருந்தது. மயக்கம் கொடுத்து இழுத்தால் சேர்ந்துவிடும்.

டாக்டர் இளைஞர், நல்லவர். என்னிடம் போனில் பேசினார். “சிஸ்டர், சிஸ்டர்” என்று மரியாதையாகத்தான் பேசினார். பின்னணியில் அவரே அம்மாவிடம் பேசியதும் கேட்டது. “ஏம்மா, கையை ஆட்டாதேன்னு சொன்னேன்ல, உக்காரு.” அவரைவிட 25 வயதாவது மூத்தவர் என் அம்மா. பிறகு என்னிடம் சொன்னார்: “கூலி வேலைதானே சிஸ்டர், நுணுக்கமான வேலை ஒண்ணும் இல்லையே. ரெண்டு கம்பி போட்டுடலாம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பிளேட்டும் ஒண்ணுதான், கம்பியும் ஒண்ணுதான்.”

நானும் சரி என்றேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2014-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. பின்பக்கம் சாய்ந்த மணிக்கட்டு முறிவுகளில் பாதிப் பேருக்கு கிர்ஷ்னர் கம்பி, பாதிப் பேருக்கு உள்ளங்கைப் பக்கம் திறந்து வைக்கும் லாக்கிங் பிளேட். 12 மாதம் கழித்து வலியிலும் கையின் பயன்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. பிளேட்டுக்குச் செலவுதான் அதிகம். 2022-இல் அதே குழு இன்னொரு 500 பேரிடம் கம்பியையும், நன்றாக அழுத்தி வடிவம் கொடுத்த மாவுக்கட்டையும் ஒப்பிட்டது. அதிலும் ஒரு வருடக் கணக்கு சமம்தான். ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு நகர்ந்து பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. மூட்டே நொறுங்கி, வெளியிலிருந்து இழுத்துச் சேர்க்க முடியாத முறிவுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மற்றபடி அம்மாவுக்கு வந்தது போன்ற முறிவுக்குக் கம்பி என்பது மட்டமான சிகிச்சையே அல்ல. 1909-இலிருந்து இருக்கிற எளிய பொருள். இரண்டு மூன்று சிறு துளை போதும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவிவிடலாம். உள்ளே எதுவும் தங்காது.

ஆனால் அந்தக் கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைந்து நிற்கும். உலோகம் தோலைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குள் போகிற இடம் அது. தண்ணீர் படக்கூடாது, அழுக்குப் படக்கூடாது. மாவுக்கட்டையும் எடுக்கக்கூடாது. பிளேட் வைத்தால் தையல் பிரித்த இரண்டு வாரத்தில் எல்லாம் மூடிய தோல். சீக்கிரமே மணிக்கட்டை அசைக்கவும் விடுவார்கள். முதல் மூன்று மாதத்தில் பிளேட் வைத்தவர்களின் கை வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதற்குப் பிறகு மற்றவர்கள் அவர்களைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஆக, ஒரு வருடத்தின் முடிவில் எல்லாப் பாதையும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. வித்தியாசம் முதல் ஆறு, பன்னிரண்டு வாரங்களில். அந்த வாரங்களில் இந்தக் கை எங்கே இருக்கும்? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிரிட்டனில் உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிற தொழிலாளிக்குச் சட்டப்படி 28 வாரம் வரை நோய்க்காலச் சம்பளம் உண்டு. பெரிய தொகை இல்லை, ஆனாலும் உண்டு. ஆய்வு அந்த மண்ணில் நடந்தது. அதன் முடிவை நாம் இறக்குமதி செய்தோம். அந்த 28 வாரத்தை இறக்குமதி செய்யவில்லை.

அம்மா ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனார். எனக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்து, “நாளைக்கும் வரலைன்னா பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுக்குவேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேர் என்பது சாதாரண விஷயம் இல்லை. என்றைக்காவது நிரந்தரம் செய்வார்கள், அன்றைக்குப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும் என்று 11 வருடமாகக் காத்திருந்தவர். நான் அரசுச் சம்பளம் வாங்குகிறேன், வீட்டில் இரும்மா என்றால் கேட்கமாட்டார். அந்தப் பேர் அவருடையது. மாவுக்கட்டின் மேல் இரண்டு பால் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, இடது கையில் விளக்குமாறும் வலது முழங்கையில் கூடையுமாகப் போயிருக்கிறார். மழைக்காலம். சாக்கடைத் தண்ணீர் கவருக்குள் போகாமல் இருக்குமா?

மூன்றாவது வாரம் கட்டிலிருந்து வாடை வந்தது. பிரித்தால் கம்பி வாயில் சீழ். நேரம் வருமுன்பே கம்பியை உருவவேண்டியதாயிற்று. மறுபடி மாவுக்கட்டு, மாத்திரை, ஊசி. எலும்பு சரிந்துவிட்டது, சரிந்தபடியே கூடிவிட்டது. இப்போது உள்ளங்கையை முழுசாக மேல்நோக்கித் திருப்ப அவரால் முடியாது. கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்தால் ஒழுகிவிடும். சின்ன வயதில் டீக்கடையில் டம்ளர் தராமல் குவித்த கையில் ஊற்றிய காலத்தைப் பார்த்தவர் அவர். “அன்னைக்கு இப்படி இருந்திருந்தா தாகத்துலயே செத்திருப்பேன்” என்று சிரிக்கிறார். என்னால் சிரிக்க முடியவில்லை.

யாரைக் குற்றம் சொல்வது? டாக்டர் தவறான சிகிச்சை செய்யவில்லை. ஒரு மருத்துவக் குழு விசாரித்தால் அவர் மேல் ஒரு வரி எழுத முடியாது. காப்பீட்டு அட்டை அம்மாவிடம் இருந்தது. முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் வருகின்றன, அம்மாவும் வந்தார். ஆகவே காசு இல்லாததால் பிளேட் கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. கேட்டிருந்தால் வைத்திருக்கலாம். அல்லது கம்பியையே போட்டு நுனியைத் தோலுக்கடியில் புதைத்திருக்கலாம். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். எடுக்கும்போது ஒரு சிறு கீறல் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. “இந்தக் கை அடுத்த ஆறு வாரம் எங்கே இருக்கும்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். டாக்டர் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த நானும் கேட்கவில்லை. ‘கூலி’ என்ற சொல் எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

“நுணுக்கமான வேலை இல்லையே” என்ற அந்த வாக்கியத்தை நான் நான்கு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். இது எலும்பு மருத்துவம் இல்லை. இது வருணாசிரமம். எழுதுகிற கை நுணுக்கமானது, துடைக்கிற கை முரடு என்கிற பழைய கணக்கு. விளக்குமாறு பிடித்துப் பாருங்கள். ஒரு தெருவைக் கூட்ட மணிக்கட்டு எத்தனை நூறு முறை இடமும் வலமும் வெட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஈரச் சாக்கைப் பிழியும்போது ஒரு கை முன்னும் ஒரு கை பின்னும் முறுக்குகிறதே, அந்த முறுக்குதான் இந்த முறிவில் முதலில் போவது. நாற்று நடுகிற பெண் பெருவிரலாலும் இரண்டு விரலாலும் முடியைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுகிறார். ஒரு நாளைக்குப் பல மணி நேரம், தண்ணீருக்குள்ளேயே. எங்கள் வார்டில் ஒரு பறை இசைக் கலைஞர் இருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு ‘ஏற்றுக்கொள்ளத்தக்க அளவில்’ கூடியிருந்தது. எல்லா டாக்டரும் திருப்திப்பட்டார்கள். அவர் மட்டும் படுக்கையில் உட்கார்ந்து இரண்டு ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக் கட்டில் சட்டத்தில் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிண்டுக்குச்சி சுழலவில்லை என்றார். அவருடைய கேஸ் ஷீட்டிலும் ‘கூலி’தான். எழுதியது நான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். அம்மா விழுந்த அதே பருவத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நடைப்பயிற்சியில் விழுந்தார். 74 வயது. தனியார் மருத்துவமனை. “சார், உங்களுக்கு இம்போர்ட்டட் டைட்டானியமே வச்சிடலாம்.” அவரும் ஒப்புக்கொண்டார். பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் பிளேட் வைத்தவரும் மாவுக்கட்டு போட்டவரும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வருகிறார்கள் என்று ஆஸ்திரியாவில் 2011-இலும் பிறகு வேறு நாடுகளிலும் ஆய்வுகள் வந்துவிட்டன. பிளேட்டில் பிடிமான பலம் கொஞ்சம் கூடுதல், சிக்கல்களும் கூடுதல். பிளேட் மூட்டின் விளிம்பைத் தாண்டி உட்கார்ந்தால் பெருவிரலை மடக்குகிற நரம்பு, அதாவது தசைநாண், அதில் உரசி உரசி அறுந்தே போகலாம். ஸ்க்ரூ நீளமாகப் போனால் பின்பக்கத்துத் தசைநாண் அறும். இதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். “சார்” என்ற சொல்லே அவருக்குப் பதில் சொல்லிவிட்டது. அவர் கை நன்றாக இருக்கிறது, சந்தோஷம். மாவுக்கட்டிலும் நன்றாகவே இருந்திருக்கலாம்.

அவர் பில்லில் பிளேட் ஒரு வரி, ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு வரி. இம்பிளான்ட் கம்பெனி ஆள் பெட்டியோடு தியேட்டருக்கே வருவார், எந்த அளவு வேண்டும் என்று எடுத்துக்கொடுப்பார். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்சவிலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்று மூட்டுக்கு வைத்தது. எலும்பு முறிவுக்கான பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் அப்படி உச்சவிலை இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்து என்ற வரையறைக்குள் வந்ததால், அச்சிட்ட விலையை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. முதலில் எவ்வளவு அச்சிடுவது என்பது கம்பெனியின் இஷ்டம். இதயம் நின்றால் செய்தி, முழங்கால் தேய்ந்தால் நடுத்தர வர்க்கத்தின் கவலை. ஊன்றி விழுந்து உடைகிற கை யாருடைய கவலை?

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நான் முதலில் புத்தகத்தில் புரிந்துகொள்ளவில்லை, தியேட்டர் அலமாரியில் புரிந்துகொண்டேன். மேல்தட்டில் இறக்குமதி டைட்டானியம். அடுத்து உள்நாட்டு டைட்டானியம். அடுத்து ஸ்டீல் பிளேட். அதற்குக் கீழே கம்பி. அதற்கும் கீழே மாவுக்கட்டு. மருத்துவமனைக்கு வெளியே புத்தூர் கட்டு. ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்ற ஆறுதல். ஸ்டீல் வைத்தவர் டைட்டானியத்தைப் பார்த்து ஏங்குகிறார், கம்பி போட்டவரைப் பார்த்து நிம்மதியடைகிறார். எலும்புக்கோ இந்தப் படிக்கட்டு தெரியாது. சரியாகச் சேர்த்துப் பிடித்தால் அது எந்த உலோகத்தின் அடியிலும் கூடும்.

இங்கே நம் தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் எழுந்து, “பணக்காரனுக்குப் பிளேட், ஏழைக்குக் கம்பியா? எல்லோருக்கும் பிளேட் என்று கோரிக்கை வைப்போம்” என்றார். கைதட்டல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நம் கோரிக்கை இல்லை, இம்பிளான்ட் கம்பெனியின் கோரிக்கை. தேவையில்லாத இடத்தில் வைக்கிற பிளேட் சமத்துவம் ஆகாது. நன்றாக வெந்த சோறு கேட்கிற இடத்தில் வெள்ளித்தட்டு கேட்கிற கதை. வேண்டியது மேல்சாதிக்காரருக்குக் கிடைக்கிற உலோகம் அல்ல. அந்தக் கையின் வாழ்க்கையைக் கேட்டு, அதற்குப் பொருத்தமானதைத் தமிழில் விளக்கி, இரண்டு வழியையும் அவர் முன்வைத்து, அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மரியாதை. அப்படிக் கேட்ட பிறகு அவருக்குக் கம்பியே சரி என்றால் கம்பியே சரி.

இன்னொரு தோழர் புத்தூர் கட்டு நம் மக்களின் மரபு மருத்துவம், அதை ஏன் படிக்கட்டின் அடியில் வைக்கிறீர்கள் என்று கேட்டார். மக்கள் அங்கே ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே கையைத் தொட்டுப் பிடித்துப் பார்க்கிறார்கள். அட்டை கேட்பதில்லை, மறுநாள் வா என்பதில்லை. நகராத எளிய முறிவு என்றால் கூடியும்விடும். ஆனால் மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டி, விரல் கறுத்து வந்தவர்களின் கையை எடுத்த தியேட்டரில் நான் நின்றிருக்கிறேன். மரபு என்று சொல்லி அதை மறைக்க என்னால் ஆகாது.

தொடுவதைப் பற்றிச் சொன்னேன். 1814-இல் டப்ளினில் ஆபிரகாம் கோலிஸ் என்ற மருத்துவர் இந்த மணிக்கட்டு முறிவை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்பு. எலும்பை அவர் பார்க்கவில்லை, கையைப் பிடித்துத் தடவித்தான் கண்டுபிடித்தார். இன்றும் இந்த முறிவை நேராக்க நோயாளியின் கையைக் கைகுலுக்குவது போலப் பற்றி இழுத்தாக வேண்டும், தீண்டாமல் சேர்க்க வழியில்லை. ஆனால் ஓ.பி.யில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைத் தொடாமலே சிகிச்சையை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரிடமும் அப்படி இல்லை. “சார்” என்று அழைக்கப்படுகிறவர்களின் விரல்களை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, மரத்துப்போகிறதா என்று கேட்கிறார்கள். யாரிடம் அப்படி, யாரிடம் இப்படி என்று பிரித்துப் பாருங்கள்.

“எக்ஸ்ரேயில் சாதி தெரியாது சிஸ்டர்” என்று ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் சொன்னார். உண்மை. எக்ஸ்ரேயில் விளக்குமாறும் தெரியாது, சாக்கடையும் தெரியாது, மேஸ்திரியும் தெரியமாட்டார். தெரியாததை வாயால்தான் கேட்கவேண்டும். கேட்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் சாதி. இதில் ஆதிக்க சாதி மருத்துவர்களை மட்டும் சொல்லவில்லை. இடஒதுக்கீட்டில் போராடி மேலே வந்த நம் பிள்ளைகளும் அதே வகுப்பில், அதே கேஸ் ஷீட்டில்தான் ‘கூலி’ என்று எழுதப் பழகினார்கள். என் அம்மாவிடம் பேசிய டாக்டர் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

நேரம் இல்லை என்பார்கள். ஓ.பி.யில் கூட்டம் எனக்குத் தெரியாததா? சர்க்கரை இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மயக்கத்துக்கு முன் ஒருவரிடம்கூட விடாமல் கேட்கிறோம். கேட்காவிட்டால் நமக்கு ஆபத்து என்பதால் கேட்கிறோம். என்ன வேலை, எந்தக் கை, எவ்வளவு நேரம் தண்ணீரில், ஆறு வாரம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க அதைவிட நேரமாகாது. கேட்காவிட்டால் ஆபத்து அவர்களுக்குத்தான் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் கேள்வியோடு மருத்துவமனை முடிந்துவிடுகிறது, மீதி வெளியே இருக்கிறது. அம்மாவின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருந்தது. அட்டை கிடையாது, எண்ணும் கிடையாது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் முறையாகப் பதிவாகியிருந்தால் நோய்க்காலத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். அம்மா வேலையில்தான் விழுந்தார். அந்த 90 சதவீதம் வந்திருந்தால் பால் கவர் தேவைப்பட்டிருக்காது, கம்பியும் ஆறு வாரம் இருந்திருக்கும், ஒரு வருடத்தில் பிளேட்டும் கம்பியும் ஒன்றே என்று டாக்டர் சொன்னது என் அம்மாவுக்கும் உண்மையாகியிருக்கும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களைத் தனியார்மயத்தை எதிர்க்கிறவர்கள் என்று மட்டும் எழுதினார்கள். நிரந்தர வேலை என்றால் சம்பளத்தோடு விடுப்பு. விழுந்தவர் எழுந்து வரும்வரை பட்டியலில் பேர் இருக்கும் என்ற உறுதி. எலும்பு மருத்துவர்கள் சங்கம் அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். தொற்று வராமல் தடுக்க எத்தனையோ மருந்து எழுதுகிறார்கள், ஆறு வாரச் சம்பளத்தைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது நான் ‘கூலி’ என்று எழுதுவதில்லை. கட்டம் சின்னது, அதனால் ஓரத்தில் எழுதுகிறேன். போன மாதம் 40 வயதுப் பெண் ஒருவர் வந்தார். இடது மணிக்கட்டு. ஓரத்தில் எழுதினேன்: மீன் மார்க்கெட்டில் மீன் கழுவி அறுத்துத் தருபவர், இடது கையால் மீனைப் பிடிப்பார், காலை 4 முதல் 11 வரை கை ஈரம், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் இருக்க முடியாது, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். டாக்டர் படித்துவிட்டு, “என்ன சிஸ்டர், கதையெல்லாம் எழுதியிருக்கீங்க” என்றார். ஒருமுறை படத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து, “ஏம்மா” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, “நீங்க கையுறை போட்டு வேலை செய்வீங்களாம்மா?” என்று கேட்டார். கையுறை போட்டால் மீன் வழுக்கும் என்றார் அவர். அதற்குப் பிறகு பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசினார்கள். கம்பி போட்டு நுனியைத் தோலுக்கடியில் புதைப்பது, மூன்று வாரம் அக்காள் மகள் கடையைப் பார்ப்பது, அதற்குப் பிறகு கல்லாவில் மட்டும் உட்காருவது என்று முடிவானது. மூன்று வாரம் போதாது, ஐந்தாவது வேண்டும் என்று டாக்டர் பேரம் பேசினார். நாலு என்று அந்த அம்மா முடித்தார்.